பசித்தால் கனக்கும் செல்: கடலின் நுண்தாவரங்கள் மூழ்குவதும் மேலேறுவதும்

கடல்வாழ் நுண்தாவரங்களைப் பற்றிய பேச்சில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். 'பிளாங்க்டன் லேசானது, அதனால் மிதக்கிறது' என்பது ஒன்று. 'தண்ணீரில் சத்து தீர்ந்ததும் அது செத்து அடியில் விழுகிறது' என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் தப்பு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் சுவாரசியமான பாதி விடுபட்டுப் போகிறது. சத்து கிடைக்காத செல் கனமாவது பல இனங்களில் நடப்பதுதான். ஆனால் எந்தச் சத்து கிடைக்கவில்லை, எந்த இனம், எவ்வளவு பெரிய செல் என்பதைப் பொறுத்துக் கதை மாறிவிடும். சில செல்கள் பசியில் உயிரோடு கீழே இறங்கி, வயிறு நிறைந்ததும் மறுபடி மேலே வந்துவிடுகின்றன. இதை அடியிலிருந்து, கணக்கு அதிகம் இல்லாமல் பார்ப்போம்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

பைட்டோபிளாங்க்டன் என்பது ஒளிச்சேர்க்கை செய்து வாழும், நீரோட்டத்தோடு அலைக்கழிக்கப்படும் நுண்ணுயிர்களின் கூட்டுப்பெயர். பெரும்பாலானவை ஒற்றைச் செல்கள், கண்ணுக்குத் தெரியாதவை. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றின் வேலை.

தமிழில் இவற்றை 'தாவர மிதவை உயிரிகள்' என்கிறோம். குழப்பத்தின் முதல் விதை இந்த 'மிதவை' என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 1887இல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 'பிளாங்க்டன்' என்ற பெயரைக் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து எடுத்தார். அதன் பொருள் அலைந்து திரிவது. மிதப்பது வேறு, அலைவது வேறு. சூரியக் கதிர் விழும் அறையில் தூசி அலைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூசி காற்றைவிடக் கனமானதுதான். காற்றின் அசைவு அதை விழவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கடலின் மேலடுக்கில் பெரும்பாலான நுண்தாவரங்களின் நிலையும் இதுவே.

கனம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பொருள் நீரில் மூழ்குமா, மிதக்குமா என்பதை அதன் மொத்த எடை தீர்மானிப்பதில்லை, அடர்த்திதான் தீர்மானிக்கிறது. அடர்த்தி என்றால் குறிப்பிட்ட இடத்துக்குள் எவ்வளவு பொருள் அடைபட்டிருக்கிறது என்ற அளவு. பெரிய மரக்கட்டை மிதக்கிறது, சின்ன ஊசி மூழ்குகிறது.

ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம் எடை கொண்டது. செல்லின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருளோ லிட்டருக்கு 1,030 முதல் 1,100 கிராம் வரை போகும். அதில் புரதம் நீரைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு அடர்த்தியானது, மாவுச்சத்து 1.5 மடங்கு. கொழுப்பு மட்டும் நீரைவிட லேசு. இந்த எண்களில் மாவுச்சத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது முக்கியமாக வரும்.

இதற்கு மேல் சில இனங்கள் கவசம் வேறு போட்டுக்கொள்கின்றன. டயாட்டம் என்ற பெரிய குழு தன்னைச் சுற்றி சிலிக்காவால், அதாவது கண்ணாடியின் மூலப்பொருளால், ஓடு கட்டிக்கொள்கிறது. அந்த ஓடு நீரைப்போல இரு மடங்கு அடர்த்தி கொண்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருந்துகொண்டு நீரின் மேற்பகுதியிலேயே வாழ வேண்டும் என்றால் எப்படி? டயாட்டத்தின் வாழ்க்கைச் சிக்கல் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சரி, எவ்வளவு வேகமாக மூழ்கும்?

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீரூற்றி, மணலும் களிமண்ணும் கலந்து ஒரு கைப்பிடி போட்டுக் கலக்குங்கள். மணல் சில நொடிகளில் அடியில் படிந்துவிடும். களிமண் துகள்களோ மணிக்கணக்கில் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். இரண்டும் கல்லிலிருந்து வந்தவைதான், அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. அளவுதான் வித்தியாசம்.

மிகச் சிறிய உருண்டைகள் திரவத்தில் விழும் வேகத்துக்கான விதியை 1851இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் வகுத்தார். அதன் சாரம் மூன்று விஷயங்கள். உருண்டைக்கும் நீருக்கும் இடையிலான அடர்த்தி வித்தியாசம் கூடினால் வேகம் கூடும். நீரின் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, கூடினால் வேகம் குறையும். உருண்டையின் விட்டம் இரட்டிப்பானால் வேகம் நான்கு மடங்காகும்.

ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது லிட்டருக்கு 50 கிராம் அளவு கடல்நீரைவிட அடர்த்தியானது என்று வைத்தால், ஸ்டோக்ஸ் விதிப்படி நாளொன்றுக்கு 85 சென்டிமீட்டர்போல இறங்கும். விட்டம் இரட்டிப்பாக இருந்தால் மூன்று மீட்டருக்கு மேல். உயிருள்ள செல் வழவழப்பான உருண்டை கிடையாது. முள்ளும் சங்கிலியும் தட்டையான வடிவமும் உண்டு, அவை கணக்கை மாற்றும். ஆனாலும் ஒற்றைச் செல்களில் அளந்த வேகங்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன: நாளுக்கு ஒரு மீட்டருக்குக் குறைவிலிருந்து சில மீட்டர் வரை.

இந்த வேகம் உண்மையில் மிக மெதுவானது. நன்றாக வளரும் செல் ஒரு நாளில் இரண்டாகப் பிளந்துவிடும். மேலடுக்கைக் காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருக்கும்வரை, விழுவதைவிடப் பெருகுவது வேகமாக நடக்கிறது. ஆகவே மூழ்குவது அவற்றுக்கு நித்தியக் கண்டம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண நாட்களில் அது ஒரு மெல்லிய கசிவு.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பெரும்பாலான நுண்தாவரங்கள் நீரைவிடக் கொஞ்சம் கனமானவை. அளவும் அடர்த்தியும் அவற்றின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அளவைச் சட்டென்று மாற்ற முடியாது. அடர்த்தியை மாற்ற முடியும், அங்கேதான் சத்து உள்ளே வருகிறது.

மேலே வெளிச்சம், கீழே சாப்பாடு

நுண்தாவரத்துக்கு இரண்டு வகைத் தேவைகள். ஒன்று வெளிச்சம். மற்றொன்று சத்து, அதாவது நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு, டயாட்டமாக இருந்தால் கூடவே சிலிக்கேட். வயலுக்கு உரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் மேலிருந்து வருகிறது. மிகத் தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி இருக்காது, கலங்கிய கரையோர நீரில் சில பத்து மீட்டர்களிலேயே முடிந்துவிடும். சத்தோ ஆழத்தில் சேர்ந்து கிடக்கிறது. ஏனென்றால் மேலே வாழ்ந்தவை விழுந்து, மட்கி, தங்கள் சத்தை அங்கேதான் விடுகின்றன. மேல்நீர் வெயிலில் சூடாகி லேசாகி, குளிர்ந்த ஆழ்நீரின் மேல் மூடிபோல உட்கார்ந்துகொண்டால், இரண்டும் கலப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். வெப்பமண்டலக் கடல்களின் பெரும்பரப்பு ஆண்டு முழுவதும் இப்படித்தான் இருக்கிறது. அடுப்பு மாடியில், அரிசி மூட்டை நிலவறையில், நடுவில் படிக்கட்டு இல்லை. வீட்டுக்காரர் என்ன செய்வார்?

பசி செல்லை எப்படிக் கனமாக்குகிறது?

இங்கேதான் பலரும் 'சத்து இல்லை, செத்தது, விழுந்தது' என்று குறுக்கு வழியில் தாண்டிவிடுகிறார்கள். நடப்பதை மெதுவாகப் பார்ப்போம்.

ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியது வெளிச்சம், நீர், கார்பன் டை ஆக்சைடு. இவை மூன்றும் மேலே தாராளம். விளைபொருள் சர்க்கரை. இந்தச் சர்க்கரையைப் புரதமாக மாற்றினால்தான் செல் வளர முடியும், பிளக்க முடியும். அதற்கு நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட் தீர்ந்துபோன பிறகும் வெளிச்சம் நிற்பதில்லை, சர்க்கரை உற்பத்தியும் உடனே நிற்பதில்லை. செங்கல் லாரி லாரியாக வந்து இறங்குகிறது, சிமென்ட் மட்டும் வரவில்லை. சுவர் எழும்பாது, முற்றம் முழுக்கச் செங்கல் குவியும்.

செல்லின் முற்றத்தில் குவிவது மாவுச்சத்து. செல்லின் சாதாரணப் பொருட்களில் கனமானவற்றுள் ஒன்று அது. ஆகப் பசித்த செல் மெலிவதற்குப் பதிலாகக் கனக்கிறது. நம் அனுபவத்துக்குத் தலைகீழாக இருப்பதாலேயே இது மனதில் ஒட்டுவதில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழியும் உண்டு. பெரிய டயாட்டம் செல்லின் உட்புறத்தில் பெரும்பகுதி வெறும் நீர்ப்பைதான். வாக்குவோல் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். அதற்குள் இருப்பது கடல்நீரைப் போன்ற உப்புக் கரைசல், ஆனால் அதே கடல்நீர் கிடையாது. மெக்னீசியம், கால்சியம், சல்பேட் போன்ற கனமான அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட உப்புத் துகள்களை, செல் வெளியே தள்ளிவிட்டு லேசானவற்றை உள்ளே வைத்துக்கொள்ள முடியும். உப்பின் மொத்தச் செறிவு வெளியே இருப்பதுபோலவே இருக்கும், அதனால் செல் வீங்குவதோ சுருங்குவதோ இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் நீர் லேசாகிவிடும். டிட்டிலம் என்ற டயாட்டத்தில் 1948லேயே இதை அளந்து காட்டினார்கள்.

இந்தத் தள்ளுமுள்ளு சும்மா நடக்காது. படகின் அடியில் கசியும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, ஓயாமல் ஆற்றல் செலவாகும். செல்லின் இயக்கத்தை நஞ்சால் நிறுத்திப் பார்த்த பரிசோதனைகளில் பல டயாட்டம்கள் சட்டென்று வேகமாக மூழ்கின. நன்றாக வளரும் இளம் வளர்ப்புகளைவிட, சத்து தீர்ந்து முதிர்ந்த வளர்ப்புகள் சில மடங்கு வேகமாக மூழ்குவதும் 1960களிலிருந்தே ஆய்வகங்களில் பார்த்ததுதான்.

ஆக, பசி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உள்ளே கனமான சரக்கு சேர்கிறது. நீரிறைக்கும் இயந்திரமும் சோர்ந்துபோகிறது.

எந்தப் பசி என்று கேட்க வேண்டும்

சத்துக் குறைவு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் பாதி விஷயம் மறைந்துவிடும். 1982இல் நான்கு டயாட்டம் இனங்களை எடுத்து நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தீரவிட்டுப் பார்த்தார்கள். மூழ்கும் வேகத்தைப் பெரிதாக ஏற்றியது சிலிக்கேட் பற்றாக்குறைதான்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். சிலிக்கேட் ஓடு கட்டும் பொருள். அது கிடைக்காவிட்டால் ஓடு மெல்லியதாகி, செல் லேசாக அல்லவா ஆக வேண்டும்? ஆனால் வேகம் கூடியது. ஓட்டின் எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாக வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. டயாட்டம் ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் புது ஓடு தேவை. சிலிக்கேட் இல்லையென்றால் பிளப்பு நடுவழியில் நின்றுவிடும், செல்லின் இயக்கமே தடம் மாறும். மிதப்பு என்பது அந்த இயக்கத்தின் ஒரு கிளைதான்.

இரும்பு வேறு கதை. நைட்ரேட்டைச் செல் பயன்படுத்த இரும்பு கொண்ட நொதிகள் தேவை. இரும்பு குறைந்தால் நைட்ரஜன் உள்ளே போவது குறைகிறது, சிலிக்கா உள்ளே போவது அதே அளவுக்குக் குறைவதில்லை. 1998இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: இரும்புக்கு ஏங்கும் டயாட்டம்களில் நைட்ரஜனுக்கு ஒப்பான சிலிக்காவின் அளவு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. அதாவது தடித்த ஓடு, மெலிந்த உடல். இங்கே நமது எளிய எதிர்பார்ப்பு பலிக்கிறது, அவை வேகமாக மூழ்கும்.

மூழ்குவதால் ஒரு லாபமும் உண்டு

பட்டினி கிடக்கும் செல்லைச் சுற்றியுள்ள நீரை நினைத்துப் பாருங்கள். செல் தன் பக்கத்தில் இருந்த சத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டது. தன்னைச் சுற்றி ஒரு வெறுமையான நீர் உறையைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதற்குள் மாட்டியிருக்கிறது. வெளியே இருக்கும் சத்து அந்த உறையைக் கடந்து மெதுவாகப் பரவித்தான் வர வேண்டும். அசையாமல் இருக்கும் செல்லுக்கு இது பெரிய தடை. அது நகர்ந்தால் உறை மெலியும், புதுநீர் கிடைக்கும். நீந்தத் தெரியாத டயாட்டத்துக்கு நகர ஒரே வழி விழுவதுதான்.

1952இல் வால்டர் மங்க், கார்டன் ரைலி இருவரும் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மிகச் சிறிய செல்களுக்கு விழுவதால் கிடைக்கும் ஆதாயம் சொல்லும்படியாக இல்லை. பரவுதலே அவற்றுக்குப் போதும். செல் பெரிதாக ஆக ஆதாயம் கூடுகிறது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு 2016இல் வந்தது. பெரிய டயாட்டம்கள் சிலவற்றைத் தனித்தனியாகப் படமெடுத்துப் பார்த்தபோது, அவை சீராக விழவில்லை. சில நொடிகள் வேகமாக இறங்கும், அப்புறம் கிட்டத்தட்ட நின்றுவிடும், மறுபடி இறங்கும். அதுவரை ஆயிரக்கணக்கான செல்களின் சராசரியைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள், சராசரியில் இந்த ஆட்டம் தெரியவே இல்லை. இதைச் செல்லே கட்டுப்படுத்துகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது. சும்மா விழுகிறது என்று நாம் நினைத்த ஒன்று பிரேக் போட்டுப் போட்டு இறங்குகிறது.

கீழே போய் வாங்கிக்கொண்டு வருபவை

இப்போது படிக்கட்டு இல்லாத வீட்டுக்குத் திரும்புவோம்.

ரைசோசொலேனியா என்ற டயாட்டம் ஊசி போன்ற நீண்ட செல்களைக் கொண்டது. திறந்த கடலில் இந்த ஊசிகள் பின்னிக்கொண்டு, கண்ணால் பார்க்கக்கூடிய, சில சென்டிமீட்டர் அகலமுள்ள பாய்களாகத் திரள்கின்றன. வட பசிபிக்கின் நடுப்பகுதியில், மேல்நீரில் நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லாத இடத்தில், இவை வாழ்கின்றன. ஆய்வாளர்கள் நீரில் குதித்து இந்தப் பாய்களைக் கையால் சேகரித்துச் சோதித்தபோது ஒரு விந்தை தெரிந்தது. செல்களின் நீர்ப்பைக்குள் நைட்ரேட் நிரம்பி இருந்தது, சுற்றியிருந்த மேல்நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவில். அந்த நைட்ரேட் மேலே கிடைத்திருக்க வழியே இல்லை. 1993இல் டிரேசி வில்லரியலும் சக ஆய்வாளர்களும் வந்த முடிவு இது: பாய்கள் வெளிச்சம் மங்கிய ஆழத்துக்கு இறங்கி, நைட்ரேட்டை நிரப்பிக்கொண்டு மேலே வருகின்றன.

இயந்திரம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். மேலே வெளிச்சத்தில் இருக்கும்போது கொண்டுவந்த நைட்ரேட் செலவாகிறது. அது தீரத் தீர மாவுச்சத்து குவிகிறது. செல் கனத்து இறங்குகிறது. கீழே வெளிச்சம் இல்லாததால் புதிய மாவுச்சத்து சேர்வதில்லை. இருப்பதை எரித்து அந்த ஆற்றலில் நைட்ரேட்டை உள்ளே இழுக்கிறது, நீர்ப்பையின் கனமான அயனிகளையும் சீர்செய்கிறது. சரக்கு எரிந்து, உள்நீர் லேசானதும் மேலேறுகிறது. மேலேறும் பாய்களில் நைட்ரேட் அதிகமாகவும், இறங்கும் பாய்களில் மாவுச்சத்து அதிகமாகவும் இருப்பதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். மேலேறும் வேகம் மணிக்குச் சில மீட்டர். நாளுக்கு ஒரு மீட்டர் இறங்கும் சின்னச் செல்லோடு ஒப்பிட்டால் இது லிஃப்ட் வேகம்.

எல்லா டயாட்டமும் ஏன் இதைச் செய்வதில்லை? அளவுதான் காரணம். ஓடு செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது, நீர்ப்பை அதன் உட்புறத்தில். செல் பெரிதாகும்போது உட்புறக் கொள்ளளவு மேற்பரப்பைவிட வேகமாகக் கூடும். ராட்சதச் செல்லில் லேசான நீர் நிறைய, கண்ணாடி ஒப்பளவில் குறைவு. அதனால் அதற்கு மட்டுமே நீரைவிட லேசாக மாற முடிகிறது. எத்மோடிஸ்கஸ் என்ற டயாட்டத்தின் ஒற்றைச் செல் இரண்டு மில்லிமீட்டர் வரை வளரும், வெறும் கண்ணுக்கே தெரியும். அதுவும் மேலே மிதந்தேறும் வகையைச் சேர்ந்தது. ஸ்டோக்ஸ் விதியைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும்: பெரிய செல் கனத்தால் வேகமாக இறங்கும், லேசானால் அதே வேகத்தில் ஏறும். விதி இரண்டு திசைக்கும் பொது.

டைனோஃபிளஜெல்லேட் என்ற வேறொரு குழுவுக்குச் சாட்டை போன்ற நீட்சிகள் உண்டு, நீந்தியே மேலும் கீழும் போகும். அவற்றுக்கு இந்தக் கனக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை.

காற்றுப்பை கட்டிக்கொண்ட ஒன்று

ட்ரைக்கோடெஸ்மியம் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது, நீலப்பச்சைப் பாசிகளில் ஒன்று. அமைதியான வெப்பக் கடலில் இது மேற்பரப்பில் பழுப்புத் தூளாகத் திரளும். பழைய மாலுமிகள் இதைக் கடல் மரத்தூள் என்றார்கள். 1770இல் ஆஸ்திரேலியக் கரையோரம் போன ஜேம்ஸ் குக்கின் கப்பலில் இருந்தவர்கள் இதைக் குறித்துவைத்திருக்கிறார்கள்.

இதன் செல்லுக்குள் புரதத்தால் ஆன மிக நுண்ணிய வாயுக் குழல்கள் இருக்கின்றன. ஏரிகளில் வாழும் இதன் உறவினர்களின் குழல்கள் கொஞ்சம் அழுத்தத்திலேயே நொறுங்கிவிடும். ட்ரைக்கோடெஸ்மியத்தின் குழல்கள் 100 மீட்டருக்குக் கீழே உள்ள அழுத்தத்தையும் தாங்கும். இவ்வளவு உறுதியான மிதவை எதற்கு? மேலேயே இருப்பவருக்கு இது தேவையில்லை. ஆழம் போய் வருபவருக்குத்தான் தேவை.

இது காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனையே நேராகப் பயன்படுத்தத் தெரிந்த உயிரி, ஆகவே நைட்ரேட் பசி இதற்கு இல்லை. இதன் பசி பாஸ்பரஸுக்கும் இரும்புக்கும். பகலில் சேரும் மாவுச்சத்தின் கனம் வாயுக் குழல்களின் தூக்கும் திறனை மீறினால் திரள் இறங்குகிறது. இருளில் அது எரிந்ததும் ஏறுகிறது. இறங்கும் பயணத்தில் ஆழத்தின் பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு வருகிறது என்ற கருத்து உண்டு. ரைசோசொலேனியாவில் நைட்ரேட்டுக்கு இருக்கும் அளவுக்கு இங்கே சான்று நேரடியானதாக இல்லை, அதனால் இதைக் கருதுகோள் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தால்: கனப்பது சிலருக்குக் கீழே போவதற்கான வாகனம். ஆனால் திரும்பி வர லேசாகும் வழி கைவசம் இருக்க வேண்டும், ஒன்று பெரிய நீர்ப்பை, இல்லையென்றால் காற்றுக் குழல். இரண்டும் இல்லாத பெரும்பான்மைக்கு இறக்கம் ஒருவழிப் பாதைதான்.

ஒட்டிக்கொண்டு கூட்டமாக விழுவது

கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். நம் முதல் உதாரணச் செல், நாளுக்கு 85 சென்டிமீட்டர் வேகத்தில், தரையைத் தொடப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதை யாராவது தின்றிருப்பார்கள் அல்லது மட்கியிருக்கும். அப்படியிருந்தும் மேலே டயாட்டம் பெருக்கம் முடிந்த சில வாரங்களில் ஆழ்கடல் தரையில் பச்சைப் படலம் படிவதைப் படமெடுத்திருக்கிறார்கள். இது எப்படி?

மறுபடி அதே குவிந்த செங்கல்தான். வைக்க இடமில்லாத சர்க்கரையின் ஒரு பகுதியைப் பசித்த செல்கள் வெளியே கசியவிடுகின்றன. அது நீரில் கண்ணுக்குத் தெரியாத பசையாகத் திரள்கிறது. செல்களும் ஓடுகளும் கழிவும் அதில் ஒட்டி, அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திரள்கள் உருவாகின்றன. இதற்குக் கடல் பனி என்று பெயர், ஆழத்தில் விளக்கொளியில் பனி பொழிவது போலவே இருப்பதால். அளவு கூடினால் வேகம் எப்படிக் கூடும் என்று பார்த்தோம். திரள்கள் நாளுக்குப் பத்துக்கணக்கில், சில சமயம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கும். நூறு மீட்டர் என்றால் தரைக்கு ஐந்து ஆறு வாரப் பயணம்.

சில இனங்கள் இதற்குத் தயாராகவே போகின்றன. கீட்டோசெரஸ் இனத்துச் செல்கள் நைட்ரஜன் தீரும்போது தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கி, விதை போன்ற உறங்குநிலைக்குப் போய்விடும். கனமான அந்த 'விதை' ஆழம் குறைந்த கடல்களின் அடியில் காத்திருந்து, நீர் மறுபடி கலங்கி மேலே வரும்போது முளைக்கும். 1985இல் விக்டர் ஸ்மெடாசெக் இதை வைத்து ஒரு துணிச்சலான வாதம் வைத்தார்: டயாட்டம்கள் கூட்டமாக மூழ்குவது அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு கட்டம், விபத்தாக நடப்பதில்லை.

இரும்பு தூவிய இரண்டு பயணங்கள்

மூழ்கும் செல் தன்னோடு கார்பனையும் கொண்டுபோகிறது. அதனால்தான் 'கடலில் இரும்பைத் தூவினால் பாசி பெருகும், அது மூழ்கும், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறையும்' என்ற யோசனை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. சங்கிலியின் நடுவே உள்ள 'அது மூழ்கும்' என்ற சொல்லைப் பலரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. அதை விசாரிக்க இரண்டு பரிசோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இரண்டும் தென் பெருங்கடலில், இரண்டும் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மானிய ஆய்வுக் கப்பலில் நடந்தவை.

ஐஃபெக்ஸ் 2004இல் நடந்தது. அங்கே இரும்பு மட்டும்தான் குறை, சிலிக்கேட் போதுமான அளவு இருந்தது. இரும்பு கிடைத்ததும் டயாட்டம்கள் பெருகின. ஐந்து வாரங்கள் கப்பல் அங்கேயே இருந்து பார்த்தது. கடைசிக் கட்டத்தில் டயாட்டம்கள் திரள் திரளாக ஒட்டிக்கொண்டு இறங்கின. பெருக்கத்தில் உண்டான உயிர்ப்பொருளில் குறைந்தது பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே போனது என்று 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

லோஹாஃபெக்ஸ் 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தியது. பெயரின் முதல் பாதி இந்தியில் இரும்பைக் குறிக்கும் லோஹா. இரும்பு தூவினார்கள், இங்கேயும் நுண்தாவரங்கள் வளர்ந்தன. ஆனால் அந்த நீரில் சிலிக்கேட் ஏற்கெனவே தீர்ந்திருந்தது, அதனால் டயாட்டம்கள் எழும்பவில்லை. வளர்ந்தவை ஓடில்லாத சின்னச் செல்கள். அவற்றைக் கோபிபாட் என்ற சின்னஞ்சிறு கணுக்காலிகள் மேய்ந்தன. அந்தக் கோபிபாட்களைத் தின்ன அவற்றைவிடப் பெரிய ஆம்பிபாட் என்ற கணுக்காலிகள் கூடின. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு.